குர்பானித் தோலும் அமானிதமே

(ஹஜ்ஜுப் பெருநாளை முன்னிட்டுச் செங்கல்பட்டில் நடந்த குடும்பங்கள் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



அல்லாஹ்வின் பேரருளால் மற்றுமொரு ஹஜ்ஜுப் பெருநாளை எதிர்பார்த்திருக்கிறோம். செங்கல்பட்டு மஹல்லாக்களிலிருந்தும், கோவளம், மாமல்லபுரம் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஒவ்வோர் ஆண்டும் இந்த நேரத்தில் நாங்கள் ஒரு நோட்டீஸ் அடிப்போம். "குர்பானித் தோல்களை நமது அறக்கட்டளைக்கே தாரீர்" என்று அதில் இருக்கும். நீங்களும் முகம் கோணாமல் கொடுப்பீர்கள். இந்த ஆண்டு அந்த நோட்டீஸை அடிப்பதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கணக்கை ஒப்புவிக்க வேண்டியிருக்கிறது. அது நாங்கள் தவறவிட்ட ஒரு பொறுப்பின் கணக்கு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெருநாள் அன்று காலையிலிருந்து இரவு வரை நம் இளைஞர்கள் வீடு வீடாகப் போய்த் தோல் சேகரித்தார்கள். வந்ததையெல்லாம் பிளாஸ்டிக் சாக்குகளில் கட்டி மதரஸாவின் பின்பக்கம் அடுக்கினோம். வாங்குவதாகச் சொன்ன வியாபாரி மாலையில் வருகிறேன் என்றார். வந்தது மறுநாள் நண்பகலில். சாக்கைப் பிரித்தபோது நாற்றம் தாங்க முடியவில்லை. தோலைப் பிடித்து இழுத்தால் மயிர் கையோடு வந்தது. மயிர் கழன்றுவிட்டால் அந்தத் தோல் அழுக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அவர் சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதியை என்ன செய்வது? பொக்லைன் வரவழைத்து, குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அந்தப் பெருநாளில் தோல் விற்று வந்த பணத்தைவிடப் பொக்லைன் வாடகை அதிகம்.

நீங்கள் நம்பிக் கொடுத்த அமானிதத்தை நாங்கள் மண்ணில் போட்டு மூடினோம். வியாபாரி தாமதமாக வந்தார் என்று அவர்மீது பழி சொல்லலாம். ஆனால் உப்பு வாங்கி வைக்காதது யார்? பிளாஸ்டிக் சாக்கில் கட்டியது யார்? நாங்கள்தான்.

அதற்குப் பிறகு நடந்த நிர்வாகக் கூட்டத்தில் ஒரு மூத்த சகோதரர் எழுந்து கேட்டார்: "பாய், இனிமே எதுக்கு இந்தத் தோல் வசூல்? விலையும் இல்ல, நாத்தந்தான் மிச்சம். தோலை அவங்கவங்க புதைச்சுக்கட்டும். வீட்டுக்கு இவ்வளவுன்னு பணமா வாங்கிட்டுப் போயிடலாமே." அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு காலத்தில் ஒரே ஓர் ஆட்டுத்தோலை விற்ற பணத்தில் ஒரு யத்தீம் பிள்ளைக்கு வருடம் முழுவதற்குமான நோட்டுப் புத்தகங்களை வாங்க முடிந்தது. இன்று அதே தோலை விற்றால் டீயும் வடையும் வாங்கலாம். அவ்வளவுதான். அந்தச் சகோதரரின் கேள்விக்கு அன்று எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த இரண்டு ஆண்டுகளில் ஆலிம்களிடம் கேட்டோம், தோல் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டோம், கொஞ்சம் படித்தோம். இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நம் உம்மஹாத்துல் முஃமினீன்களில் ஒருவரான அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஓர் ஆடு செத்துப்போய்க் கிடந்தது. அந்த வழியே சென்ற கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்ற கருத்தில் கேட்டார்கள். தோழர்கள், இது செத்த பிராணியாயிற்றே என்றார்கள். அதை உண்பதுதான் தடுக்கப்பட்டிருக்கிறது என்று நாயகம் (ஸல்) விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் பதிவான செய்தி இது.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். செத்த ஆடு. அறுக்கப்படவில்லை, உண்ண முடியாது. யார் பார்த்தாலும் குப்பை என்றுதான் சொல்வார்கள். அதில்கூட எடுக்க வேண்டிய ஒரு பொருள் மிச்சமிருக்கிறது என்று பார்த்தது நாயகத்தின் (ஸல்) பார்வை. அப்படியானால் அல்லாஹ்வின் பெயர் சொல்லி நாம் அறுக்கும் பிராணியின் தோலை எப்படிப் பார்க்க வேண்டும்?

இரண்டாவது செய்தி குர்பானியையே பற்றியது. ஹஜ்ஜத்துல் வதாவில் நாயகம் (ஸல்) நூறு ஒட்டகங்களைக் குர்பானி கொடுத்தார்கள். அவற்றின் பொறுப்பை அலி (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தபோது, இறைச்சியை மட்டுமல்ல, தோலையும், ஒட்டகத்தின் மேல் போர்த்தியிருந்த துணியையும்கூடத் தர்மம் செய்துவிடச் சொன்னார்கள். அறுப்பவருக்குக் கூலியாக அதிலிருந்து எதையும் கொடுக்கக் கூடாது, கூலி தனியே கொடுக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டார்கள். போர்த்திய துணிவரை கணக்கில் வந்திருக்கிறது பாருங்கள். இதிலிருந்துதான் நம் இமாம்கள், குர்பானித் தோலை நாமே வைத்துப் பயன்படுத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்றுப் பணத்தை நம் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சட்டம் சொல்கிறார்கள். மத்ஹபுகளுக்கிடையே உள்ள நுணுக்கங்களை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடிப்படை ஒன்றுதான்: தோல் ஒரு பொறுப்பு. விலை இருக்கிறபோது மட்டும் பொறுப்பு, விலை இறங்கிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்று எந்த இமாமும் சொல்லவில்லை.

அடுத்து, இந்தத் தோல் நம் சமுதாயத்துக்கு என்ன செய்திருக்கிறது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை பெரியமேட்டுத் தோல் மண்டியும், வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல் தோல் ஷாப்புகளும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அந்தத் தொழிலில் வந்த பொருளைக் கொண்டு கல்விக்கூடங்கள் எழுந்தன. 1919-ல் கல்லூரியான வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரிக்குப் பின்னால் தோல் வணிகர்களின் கொடை இருக்கிறது. 1951-ல் திருச்சியில் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரிக்குப் பெயர் தந்த ஜமால் முகமது சாகிப் தோல் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். நம் மாவட்டத்திலேயே குரோம்பேட்டை இருக்கிறதே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. ஊருக்கே பெயர் கொடுக்கும் அளவுக்குத் தோல் நம் பக்கத்துப் பொருளாக இருந்திருக்கிறது.

இப்போது கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று ஒரு பாடம் படிக்கிறார்கள். பூமியிலிருந்து எடுத்து, செய்து, பயன்படுத்தி, தூக்கி எறிவது நேர்க்கோட்டு வழி. எடுத்த பொருளைக் கடைசிவரை பயன்படுத்தி, ஒருவரின் மிச்சத்தை இன்னொருவரின் மூலப்பொருளாக்கி, மீண்டும் மீண்டும் சுழல விடுவது சுழற்சி வழி. பெயர் புதிது. பழக்கம் நம் வீடுகளில் இருந்ததுதான்.

நம் பாட்டிமார் வளர்த்த ஆட்டை நினைத்துப் பாருங்கள். அரிசி கழுவிய தண்ணீரும், காய்கறித் தோலும், வேலியோரத் தழையும் தின்று அது வளர்ந்தது. அதன் புழுக்கை முருங்கைக்கும் கீரைக்கும் எருவானது. பெருநாளன்று கறி மூன்று பங்கானது. தலையும் காலும் மறுநாள் பாயாவானது. குடலைக் கழுவிச் சமைத்தார்கள். தோலைப் பதப்படுத்தித் தொழுகை விரிப்பாக வைத்திருந்த வீடுகள் உண்டு. ஃபக்கீர்மார்கள் கையில் இருந்த தஃப்புக்கு ஆட்டுத்தோல். மிருதங்கத்துக்கும் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல். தச்சர்கள் காய்ச்சி ஒட்டிய வஜ்ரம் பிராணிகளின் தோல், எலும்பிலிருந்து வந்தது. அந்த ஆட்டில் குப்பை என்று ஒதுக்கியது எது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. கிழிந்த துணியைத் தாமே தைத்து, அறுந்த காலணியைத் தாமே செப்பனிட்டவர்கள் நம் நாயகம் (ஸல்). அவர்களின் உம்மத்துக்கு இது புதுப்பாடமாக இருக்கக் கூடாது.

அப்படியிருக்க, இன்று ஏன் தோல் குப்பையாகிறது? தோல் வாங்குபவர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். ரெக்சினும் செயற்கைத் தோலும் செருப்பு, பை, சோபா எல்லாவற்றிலும் புகுந்துவிட்டன. இளைஞர்கள் அணியும் ஷூக்களில் பெரும்பாலானவை தோலால் ஆனவை அல்ல. பெருநாளன்று ஒரே நாளில் நாடு முழுவதும் தோல் குவிகிறது. இவையெல்லாம் நம் கையில் இல்லாதவை. ஆனால் அவர்கள் சொன்ன வேறு இரண்டு காரணங்கள் நம் கையில் இருப்பவை. ஒன்று, கத்திக்காயம். அவசரமாக உரிக்கும்போது தோலில் ஓட்டை விழுகிறது, கீறல் விழுகிறது. அப்படிப்பட்ட தோல் பதனிட்ட பிறகும் கடைசித் தரம்தான். இரண்டு, தாமதம். பச்சைத் தோலில் பாதிக்கு மேல் தண்ணீர். இந்த வெயிலில் சில மணி நேரத்திலேயே கிருமிகள் வேலையைத் தொடங்கிவிடும். காலை ஏழு மணிக்கு நல்ல பொருளாக இருந்த தோல், நண்பகலில் சந்தேகமான பொருளாகி, மாலையில் குப்பையாகிவிடுகிறது. தோல் அதே தோல்தான். நடுவில் போனது நம் நேரம்.

அந்தக் குழியை மூடியபோது நாங்கள் கற்ற பாடம் இதுதான். ஒரு பொருள் பிறக்கும்போதே குப்பையாகப் பிறப்பதில்லை. நாம் தாமதிக்கிறோம், ஒன்றோடொன்றைக் கலக்கிறோம், அடுத்து வாங்கிக்கொள்ள ஆளை ஏற்பாடு செய்யாமல் விடுகிறோம். இந்த மூன்றினால்தான் அது குப்பையாகிறது. இரத்தத்தோடும் சாணத்தோடும் பிளாஸ்டிக்கோடும் ஒரே சாக்கில் கட்டிய தோலை யாரும் காப்பாற்ற முடியாது. தனியாக, நேரத்தில், உப்பிட்டு வைத்த தோலுக்கு இன்றும் ஆள் உண்டு. விலை குறைவாக இருக்கலாம், ஆனால் அது ஒரு தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேரும். ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும் எண்ணிக்கையினர் பெண்கள். ஒரு தோல் அங்கே போய்ச் சேருவதிலும் ஒரு தர்மம் இருக்கிறது.

இத்தோடு பேச்சை முடித்தால் அது பாதி உண்மைதான். மறுபாதி நம் ஊர் பாலாற்றில் இருக்கிறது.

கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, ஆந்திரம் வழியாக வந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பகுதிகளைத் தொட்டு, செங்கல்பட்டுப் பக்கம் வந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் சேருகிறது பாலாறு. மேலே தோல் பதனிடும் ஊர்கள், கீழே அந்த ஆற்று மணலில் ஊறும் தண்ணீரைக் குடிக்கும் நாம். தோல் பதனிட நிறையத் தண்ணீர் வேண்டும். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. முன்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. போடும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறும், மீதி தண்ணீரோடு போகும். பல ஆண்டுகள் அந்தத் தண்ணீர் அப்படியே வெளியே விடப்பட்டது. கிணறுகள் கெட்டன, வயல்கள் கெட்டன.

வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்டது. ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த ஐந்தில் ஒன்று அன்றைய செங்கை எம்.ஜி.ஆர் மாவட்டம், அதாவது நம் மாவட்டம். பல்லாவரம், நாகல்கேணி பக்கம் இருந்த தோல் ஷாப்புகளை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கோடு விஷயம் முடியவில்லை. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்றைக் கையில் எடுத்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து அதை மாசு செய்தவர்களிடமிருந்து வசூலிக்கவும், ஆற்றைச் சீர்செய்யவும் உத்தரவிட்டது.

சகோதரர்களே, இதைச் சொல்லும்போது நமக்கு வெட்கம் வர வேண்டும். தோல் ஷாப்பு முதலாளிகளில் நம் சமுதாயத்தார் பலர். அங்கே காலையும் கையையும் இரசாயனத்தில் வைத்து வேலை செய்தவர்களிலும், கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களிலும் நம்மவரும் உண்டு, மற்ற சமுதாயத்து ஏழைகளும் உண்டு. தோலைக் காப்பாற்றிவிட்டு ஆற்றைக் கெடுத்தால் அது சுழற்சி ஆகாது. ஒரு வீட்டுக் குப்பையை இன்னொரு வீட்டுக் கிணற்றில் போட்டதுதான் ஆகும். யாருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று கற்பிக்கப்பட்ட நாம், அந்த ஆற்றையே வீணாக்கிவிட்டு என்ன பதில் சொல்லப் போகிறோம்?

இன்று நிலைமை முழுக்க அப்படியே இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. கழிவுநீரிலிருந்து குரோமியத்தைப் பிரித்தெடுத்து மறுபடி பதனிடவே பயன்படுத்தும் முறை இருக்கிறது. தண்ணீரைச் சுத்தம் செய்து தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பும் முறையும் இருக்கிறது. 1948-லிருந்து சென்னை அடையாற்றில் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், பதனிடும் கட்டத்தில் தண்ணீர் இல்லாமலே குரோமியம் ஏற்றும் முறையைக் கண்டுபிடித்திருக்கிறது. தொழிற்சாலைக்குப் போகும் உப்பிட்ட தோலில் ஏறக்குறைய கால் பங்குதான் கடைசியில் பதனிட்ட தோலாகிறது. மீதியில் சதைத் துணுக்குகளிலிருந்து பசையும் எரிவாயுவும் எடுக்கிறார்கள், சீவல்களை அழுத்தி அட்டை செய்கிறார்கள். வழிகள் இருக்கின்றன. எல்லாரும் எல்லா நாளும் அவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதுதான் பாக்கி.

நம் பங்கு என்ன என்று கேட்டால், உப்பு. தோலைக் காக்கும் உப்பு இந்தக் கடற்கரையிலிருந்தே வருகிறது. மரக்காணம் உப்பளங்களை நீங்கள் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அந்த உப்பு தோலோடு மேற்கே போகிறது. அங்கே தோலை ஊறவைக்கும்போது தண்ணீரில் கரைகிறது. சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் வயலிலும் கிணற்றிலும் இறங்கி, மழைக்காலத்தில் பாலாற்றோடு நம்மிடமே திரும்பி வருகிறது. அதனால் உப்பு வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும். கொட்டிக் குவிக்கக் கூடாது. இறைவேதம் இஸ்ராஃபை, அளவு மீறுவதை, கண்டிப்பது உண்பதிலும் குடிப்பதிலும் மட்டும் அல்ல என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இனி இந்த ஆண்டு நாம் செய்ய வேண்டியவை. தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் பெருநாளன்று வீட்டில் எது எங்கே போகிறது என்று தீர்மானிப்பது நீங்கள்தான்.

முதலாவது, உரிப்பது. அறுக்க வரும் பாயிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வயிற்றுப் பக்கம் நேராகக் கீறியபின் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கைமுட்டியால் தள்ளித்தான் உரிக்க வேண்டும். அதற்குக் கூடுதல் நேரமாகும். அந்த நேரத்துக்கான கூலியைக் கூட்டிக் கொடுங்கள். தோலையே கூலியாகக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, வைப்பது. உரித்த தோலில் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் நீக்கிவிட்டு நிழலில் விரித்துப் போடுங்கள். வெயிலில் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையிலோ சாக்கிலோ கட்டாதீர்கள். கட்டினால் உள்ளே சூடேறிச் சீக்கிரம் அழுகும். எங்கள் குழியின் கதை அதுதான்.

மூன்றாவது, உப்பு. ஓர் ஆட்டுத்தோலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கல்லுப்பு போதும். மயிர்ப்பக்கம் கீழே, சதைப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, கழுத்து, கால், ஓரங்கள் விடாமல் தேய்க்க வேண்டும். வீட்டில் முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இந்த ஆண்டு ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசல் அருகே ஓர் உப்பிடும் இடம் இருக்கும். தார்ப்பாய், உப்பு, இரண்டு இளைஞர்கள் அங்கே இருப்பார்கள். அறுத்த இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். லுஹருக்குப் பின் வரும் தோலைத் தனியாக வைப்போம், நல்லதோடு கலக்க மாட்டோம். கடற்கரை ஊர்களிலிருந்து செங்கல்பட்டுவரை பச்சைத் தோலாகக் கொண்டுவர வேண்டாம். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அங்கேயே உப்பிடுவோம்.

நான்காவது, வாங்குபவர். இந்த முறை வியாபாரியிடம் பெருநாளுக்கு முன்பே எழுத்தில் பேசிக்கொள்வோம். தோலை எந்தத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார், அங்கே சுத்திகரிப்பு இருக்கிறதா என்றும் கேட்போம். நம் கேள்வி சிறியதுதான். ஆனால் கேட்காமல் கொடுப்பதற்கும் கேட்டுவிட்டுக் கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு.

ஐந்தாவது, மற்றவை. இரைப்பையில் இருக்கும் சாணத்தைக் காய்ந்த இலையோடு கலந்து மண்ணில் மூடிவைத்தால் சில மாதங்களில் எருவாகும். இரத்தம் தெருச் சாக்கடையில் ஓடக் கூடாது, குழியில் விட்டு மண் போட்டு மூடுங்கள். வேண்டாத குடலையும் கழிவையும் ஏரியிலோ, பாலாற்று மணலிலோ, கடற்கரையிலோ யாரும் போடக் கூடாது. அந்தக் கடலில் வலை போட்டுப் பிழைப்பவர்கள் நம் அண்டை வீட்டார். மாமல்லபுரத்துக்கு உலகமே வந்து போகிறது. அங்கே ஒருவர் போடும் ஒரு பைக் கழிவு ஒட்டுமொத்தச் சமுதாயத்தின் பெயரில் எழுதப்படும். ஆனால் பெயருக்காக இதைச் செய்ய வேண்டாம். அண்டை வீட்டாரின் உரிமை என்பதற்காகச் செய்யுங்கள்.

ஆறாவது, கறிப் பங்கீடு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1-லிருந்து தடை செய்திருக்கிறது. ஆனாலும் பெருநாளன்று நம் தெருவில் கறுப்புக் கவர்கள் பறக்கின்றன. கறி வாங்க வருபவர்கள் தூக்குவாளியோ பாத்திரமோ கொண்டுவரட்டும். கொண்டுவர மறந்த ஏழையைத் திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டுப் பழைய பாத்திரம் ஒன்றில் போட்டு, அதையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு தோலுக்கு ஆள் கிடைக்காமல் போகலாம். அப்போது ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்போம். முயன்றபின் புதைப்பது வேறு. முயலாமல் புதைத்ததற்குத்தான் நாங்கள் இன்று உங்கள் முன் தலை குனிந்து நிற்கிறோம்.

கடைசியாக, நிர்வாகக் கூட்டத்தில் கேட்ட அந்த மூத்த சகோதரருக்கு. பணமாகவே வாங்கலாமே என்றீர்கள். வாங்குவோம் அண்ணே, அதுவும் வேண்டியிருக்கிறது. தோல் வருமானத்தை நம்பிப் பள்ளிக் கட்டணம் கட்டிவந்த யத்தீம் பிள்ளைகள் நம் பட்டியலில் இருக்கிறார்கள். தோல் விலை இறங்கியதற்காக அவர்களின் படிப்பு நிற்கக் கூடாது. அதனால் தோலோடு சேர்த்து, முடிந்தவர்கள் ஒரு தொகையையும் உறையில் போட்டுக் கொடுங்கள். ரசீது தருவோம். அடுத்த இதழில் இரண்டு கணக்கும் தனித்தனியாக வரும்: எத்தனை தோல் வந்தது, எத்தனை விற்றது, எத்தனை வீணானது, எவ்வளவு பணம் வந்தது என்று. வீணானதையும் மறைக்காமல் எழுதுவோம். ஆனால் பணம் கொடுத்துவிட்டோம், தோல் எப்படிப் போனால் என்ன என்று மட்டும் இருந்துவிட வேண்டாம். பணத்துக்குப் பணம் கணக்கு. பொருளுக்குப் பொருள் கணக்கு. இரண்டையும் அல்லாஹ் கேட்பான்.

கையில் இருப்பதன் அருமை அறிந்து, அதை வீணாக்காமல், யாருக்கும் தீங்கில்லாமல் அடுத்தவர் கையில் சேர்க்கும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. நம் குர்பானிகளை ஏற்றுக்கொள்வானாக. கெட்டுப்போன ஆறுகளும் கிணறுகளும் மறுபடி நல்ல தண்ணீர் தரும் காலத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.